'தடுப்பான்' எதைத் தடுக்கிறது?

ரங்கூனில் நம் பிள்ளைகளுக்காகத் தமிழில் எழுதும் எரிவாயுத் தொழில் குறிப்புகளில் 'ஹைட்ரேட் தடுப்பான்' என்ற சொல் திரும்பத் திரும்ப வருகிறது. கிணறு துளைக்கும்போது உள்ளே செலுத்தும் சேற்றில் எதைக் கலந்தாலும் இந்த ஒரே பெயர்தான். தமிழில் 'இன்ஹிபிட்டர்' எல்லாமே தடுப்பான் ஆகிவிட்டது. இது தப்பு.

'இன்ஹிபிட்டர்' என்பதன் மூலம் லத்தீன், பிடித்து நிறுத்துதல், அடக்கிவைத்தல் என்று பொருள். எதை அடக்குவது என்பதை மூலச்சொல் சொல்லாது, நாம்தான் சொல்ல வேண்டும்.

நீர் மூலக்கூறுகள் கட்டிய கூண்டுக்குள் மீத்தேன் அடைபட்ட, பனிக்கட்டி போன்ற பொருள் ஹைட்ரேட். 2006இல் நமக்குப் பக்கத்தில் அந்தமான் கடலடியில் இந்திய ஆய்வுத் துளையிடலில் கிடைத்தது. ஹைட்ரேட் உள்ள மணல் படுகைகளில் மணலை ஒட்டிப் பிடித்திருப்பதே இதுதான். சூடான சேறு பட்டால் உருகும், கிணற்றுச் சுவர் சரியும். 1 கன மீட்டர் உருகினால் சுமார் 160 கன மீட்டர் வாயு வெளிவரும். அந்த வாயு சேற்றில் ஏறி, கடலடிக் குளிரில் மறுபடி ஹைட்ரேட்டாகி வால்வுகளை அடைக்கும்.

ஆக வேலை இரண்டு: குழாயில் புதிதாக உருவாகக் கூடாது, சுவரில் இருப்பது சிதையக் கூடாது. உப்பும் கிளைக்கால் (glycol) என்ற திரவமும் முதல் வேலைக்கு. ஆனால் அதே உப்பு சுவரிலுள்ள ஹைட்ரேட்டைக் கரைக்கப் பார்க்கும். பாலிவினைல் பைரோலிடோன் என்ற பாலிமர் ஹைட்ரேட் உருவாவதைத் தடுப்பதில்லை, தள்ளிப்போடுகிறது, அவ்வளவே. 'தடுப்பான்' என்று படித்தவன் சேற்றோட்டத்தை நெடுநேரம் நிறுத்திவைத்தாலும் பயமில்லை என்று நம்புவான். லெசித்தின் என்ற கொழுப்புப் பொருளோ ஹைட்ரேட்டின் மேல் படிந்து அது சிதைவதைத் தாமதப்படுத்துகிறது. அதைப் போய் 'ஹைட்ரேட் தடுப்பான்' என்பது காவல்காரனைத் திருடன் என்பது போல.

உப்புக்கும் கிளைக்காலுக்கும் 'உருவாதல் தடுப்பி', பைரோலிடோனுக்கு 'உருவாதல் தாமதி', லெசித்தினுக்கு 'சிதைவு தாமதி' என்று எழுதலாம். நீளம் என்பார்கள். நீளமாக இருந்தால் என்ன, வேலை தெரிகிறதே! 'தாமதம்' வடசொல் என்றும் சிலர் முகம் சுளிப்பார்கள். அவர்களே 'நீரகத் தடுப்பான்' என்று எழுதுகிறார்கள். நீரகம் ஹைட்ரஜன்; ஹைட்ரேட்டில் உள்ள 'ஹைட்ர' நீரைக் குறிக்கும் கிரேக்கச் சொல். தூய்மைக்கு ஆசைப்பட்டுப் பொருளையே மாற்றிவிட்டார்கள். தனித்தமிழ்தான் வேண்டுமென்றால் 'நீரேறி' எழுதுங்கள், எனக்குச் சம்மதம். அப்புறம், எது உருவாகாமல், எது சிதையாமல் என்பதையும் பக்கத்திலேயே எழுதிவிடுங்கள்.