ரெகோலித்: தமிழில் கற்போர்வை

அடிப்பாறையின் மேல் இறுகாமல் உதிரியாகக் கிடக்கும் அத்தனையும் ரெகோலித்: தூசி, மணல், சரளை, வீடளவு பாறாங்கல் வரை.

அமெரிக்க நிலவியலாளர் ஜார்ஜ் மெர்ரில் 1897இல் உருவாக்கிய சொல் இது. கிரேக்கத்தில் ‘ரேகோஸ்’ போர்வை, ‘லித்தோஸ்’ கல். அவர் மனத்தில் இருந்தது பூமிதான். பினாங்குக் கொடிமலைச் சரிவில் கருங்கல்லை மூடியிருக்கும் மண்ணும் அதில் புதைந்த உருண்டைக் கற்களும் அவர் கணக்கில் ரெகோலித்தே. அடைமழையில் சரிந்து சாலையை மறிப்பதும் அதுதான். மண் கரைந்துபோய்க் கல் மட்டும் எஞ்சினால் பத்து ஃபிரிங்கி கடற்கரை மாதிரி இருக்கும். (அந்தப் ‘பத்து’ எண் அல்ல, மலாயில் கல்.)

நிலவுக்கும் சிறுகோள்களுக்கும் இன்று இதே சொல்தான். ஆனால் சிறுகோளில் மழை ஏது? விண்கற்கள் மோதியும், பகல் சூட்டிலும் இரவுக் குளிரிலும் விரிந்து சுருங்கியும் பாறை உடைகிறது. உடைந்தவை சீராகப் பரவுவதில்லை. ஈரோஸ் என்ற சிறுகோளில் பெரும்பாலான பாறாங்கற்கள் ஒரே பெரும்பள்ளத்திலிருந்து தெறித்தவை. 2005இல் ஜப்பானின் ஹயாபுசா விண்கலம் சென்ற இத்தோகாவா சிறுகோள் அரை கிலோமீட்டர் நீளம்தான். ஆனாலும் மேட்டில் பாறாங்கல் குவியல், தாழ்விடத்தில் சரளை என்று பிரிந்து கிடந்தது. மோதல்களில் சிறுகோளே குலுங்கும்போது பொடிக்கற்கள் பள்ளம் தேடி நகர்வதே காரணம் என்கிறார்கள்.

பென்னு என்ற சிறுகோள்தான் எல்லாரையும் ஏமாற்றியது. தொலைநோக்கிக் கணிப்பு வழவழப்பான பொடிக்கல் பரப்பைச் சொன்னது. 2018இல் நாசாவின் ஒசைரிஸ்-ரெக்ஸ் விண்கலம் நெருங்கிப் பார்த்தால் எங்கும் பாறாங்கற்கள். 2020இல் மாதிரி எடுக்கத் தொட்ட விண்கலத்தின் எந்திரக் கை, அரை மீட்டர் வரை உள்ளே போய்விட்டது. கற்களுக்கிடையே பிடிப்பே இல்லை.

தமிழில் என்ன சொல்வது? ‘நிலவு மண்’ என்று எழுதுகிறவர்கள் உண்டு. நம் பேச்சில் மண் என்றால் விதை ஊன்றுகிற இடம். அந்த நினைப்பு இங்கே உதவாது. ‘பாறைத்தூள்’ நிலவுக்கு ஓரளவு பொருந்தும், பென்னுவில் தோற்றுவிடும். மூலச்சொல்லின் இரண்டு பாதியையும் ஏந்துவது ‘கற்போர்வை’. கல்லின் அளவை அது வரையறுப்பதில்லை என்பதே அதன் பலம். “போர்வை என்றால் மெத்தென்று இருக்க வேண்டாமா, சார்?” என்று தமிழ்ப்பள்ளி மாணவர் கேட்கலாம். கேட்கட்டும், போர்த்துவதுதான் அதன் வேலை.

எடுத்துக்காட்டு: ‘இத்தோகாவாவின் கற்போர்வை தாழ்விடங்களில் சரளையாகவும் மேடுகளில் பாறாங்கற்களாகவும் கிடக்கிறது.’