சோப்பு நாடகமா, நெடுந்தொடரா?

ஆங்கிலப் படமொன்றைத் தமிழ் சப்டைட்டிலோடு பார்த்துக்கொண்டிருந்தேன். கணவனோடு சண்டை, மாமியாரோடு சமாதானம், பழைய காதலனிடமிருந்து கடிதம் என்று அடுக்கிக்கொண்டே போகும் தோழியிடம் நாயகி சொல்கிறாள்: "உன் வாழ்க்கை ஒரு சோப்பு நாடகம்." திரையில் இருவரும் சிரிக்கிறார்கள். நமக்குக் குளியலறைதான் நினைவுக்கு வருகிறது. ஒரு தடவை என்றால் விட்டிருப்பேன். கட்டுரை, செய்தி, டப்பிங் என்று எங்கும் இதே சோப்பு நுரைக்கிறது.

அந்த நாயகி ஆங்கிலத்தில் சொன்னது 'சோப் ஓபரா'. நம்மூர் சீரியல் மாதிரியான தொடர் நாடகத்துக்கு அமெரிக்க வானொலியில் பிறந்த பெயர் அது. 1930களில், வீட்டு வேலை செய்துகொண்டே பெண்கள் கேட்கட்டும் என்று பகலில் 15 நிமிடத் தொடர் நாடகங்கள் போட்டார்கள், வாரம் ஐந்து நாள். பணம் போட்டவர்களில் சோப்பு, சலவைத்தூள் கம்பெனிகள் முன்னால் நின்றன. 1933இல் தொடங்கிய 'மா பெர்கின்ஸ்' தொடரை 'ஆக்ஸிடாலின் சொந்த மா பெர்கின்ஸ்' என்றுதான் அறிவிப்பார்கள். ஆக்ஸிடால் ஒரு சலவைத்தூள். ஆக, சோப்பு கதையில் இல்லை, கல்லாப்பெட்டியில் இருந்தது. ஓபரா என்றது வெறும் நக்கல்; கௌபாய் படங்களைக் 'குதிரை ஓபரா' என்று கிண்டலடித்த வழக்கம் அதற்கு முன்பே உண்டு. இரண்டுமே ஓபரா போலப் பாடி நடிக்கும் இசைநாடகம் அல்ல.

இது தெரிந்தும் சிலர் 'வழலை நாடகம்' என்கிறார்கள். 'வழலை இசைநாடகம்' என்றுகூட ஒருவர் எழுதியிருந்தார். சோப்புக்கு வழலை என்பதில் எனக்குச் சண்டை இல்லை. ஆனால் சொல்லைத் தூய்மைப்படுத்திய வேகத்தில் பொருளையும் சேர்த்துக் கழுவிவிட்டால் எப்படி? கேட்டால், சொல்லின் வரலாறு காப்பாற்றப்படுகிறதாம். வரலாறு தெரிந்தவருக்கு அந்தச் சொல் தேவையில்லை, தெரியாதவருக்கு அது எதையும் சொல்லவில்லை. அப்புறம் யாருக்காக?

சரி, வரலாற்றையே பார்ப்போம். 'கைடிங் லைட்' என்ற தொடர் 1937இல் வானொலியில் தொடங்கியது. 1952இல் தொலைக்காட்சிக்கு வந்தது, 1956 வரை இரண்டிலும் ஓடியது, 2009இல்தான் முடிந்தது. வானொலியில் மிச்சமிருந்த பகல் தொடர்களை அமெரிக்க ஒலிபரப்பு நிறுவனமான சிபிஎஸ் 1960 நவம்பர் 25 அன்று மூட்டை கட்டியது. மா பெர்கின்ஸும் அன்றோடு சரி. காதால் கேட்டது கண்ணால் பார்ப்பதாயிற்று, கால் மணி நேரம் அரை மணியாகி, பிறகு ஒரு மணி நேரமும் ஆயிற்று. கடைசிவரை மாறாதது ஒன்றுதான்: கதை முடியாது, நாளைக்கு வா என்று சொல்லி அனுப்பும். பெயரும் அதிலிருந்துதானே வரவேண்டும்?

அதற்கு நம்மிடம் சொல் இல்லாமலா போயிற்று? வார இதழ்த் தொடர்கதையின் கடைசி வரியில் 'தொடரும்' என்று படித்துப் பழகியவர்கள் நாம். அந்தத் தொடரோடு 'நெடு' சேர்ந்தால் நெடுந்தொடர். பத்து வாரத்தில் முடிகிற தொடரிலிருந்து இதைப் பிரித்துக் காட்டவும் அந்த 'நெடு' உதவும். 'சின்னத்திரை நாடகம்' என்பவர்களும் உண்டு. அதை எடுத்துக்கொண்டதால்தான் ஒரு மொழிபெயர்ப்புக் கட்டுரையில் "வானொலியில் ஒலிபரப்பான சின்னத்திரை நாடகங்கள்" என்று வந்தது. வானொலிக்கு ஏது ஐயா திரை?

நெடுந்தொடரில் ஒரு குறை இருக்கிறது, ஒப்புக்கொள்கிறேன். ஆங்கிலச் சொல்லில் உள்ள நக்கல் இதில் வராது. கட்டுரைக்கு அது வேண்டியதில்லை. பேச்சில் வேண்டுமென்றால், தூய்மை பார்க்காமல், 'அழுகாச்சி சீரியல்' என்று ஊரே சொல்கிறதே, அதை எடுத்துக்கொள்ளலாம். அந்த நாயகி மட்டும் தமிழில் பேசியிருந்தால் சோப்பைத் தொட்டிருக்கவே மாட்டாள். "உன் கதை சீரியலையே மிஞ்சிடும் போலிருக்கே" என்றிருப்பாள்.