நாயின் மேல் இருப்பது கொஞ்சம், தரையில் இருப்பது மிச்சம்: தெள்ளுப்பூச்சி பற்றிக் கால்நடை மருத்துவரின் குறிப்புகள்

"தினமும் வீட்டைத் துடைக்கிறோம் டாக்டர், அப்புறம் எப்படித் தெள்ளு வந்தது?" இந்தக் கேள்வி கிளினிக்கில் அடிக்கடி வரும். கேட்பவரின் குரலில் கோபமும் கொஞ்சம் வெட்கமும் கலந்திருக்கும். வெட்கப்பட ஒன்றுமில்லை. தெள்ளுப்பூச்சி அழுக்கைத் தேடி வருவதில்லை, ரத்தத்தைத் தேடி வருகிறது. உடல் சூடு, மூச்சில் வெளியேறும் கரியமில வாயு, நடக்கும்போது தரையில் எழும் அதிர்வு, சட்டென்று விழும் நிழல், இவற்றை வைத்துத்தான் பக்கத்தில் ஓர் உயிர் இருக்கிறது என்று கண்டுகொள்கிறது. பளபளக்கும் வீட்டிலும் நாய்க்கு உடல் சூடு இருக்கத்தானே செய்யும்?

தெருப்பூனை படுத்து எழுந்த இடத்தை உங்கள் நாய் மோந்து பார்த்தால் போதும். வராந்தாவில் இரவில் ஒதுங்கும் பூனை, பரணில் ஓடும் எலி, விளையாட வந்த பக்கத்து வீட்டு நாய் என்று எந்த வழியாகவும் வரும். வாசலைத் தாண்டாத பூனைக்கும் வரும், ஏனென்றால் நம் கால்சட்டையில் தொற்றிக்கொண்டும் அது உள்ளே நுழைந்துவிடும். நாய்களில் நாங்கள் பார்ப்பதும் பெரும்பாலும் பூனைத் தெள்ளு என்ற இனம்தான். பெயரைப் பார்த்து, நம் வீட்டில் பூனை இல்லையே என்று இருந்துவிட வேண்டாம்.

உண்ணியையும் தெள்ளையும் பலர் ஒன்றாகவே நினைக்கிறார்கள். உண்ணி ஒரே இடத்தில் கடித்துக்கொண்டு ரத்தம் குடித்து உப்பும். தெள்ளு பக்கவாட்டில் தட்டையானது, இரண்டு மூன்று மில்லிமீட்டர்தான் இருக்கும். முடிகளுக்கு நடுவே ஓடும், பிடிக்கப் போனால் குதித்துவிடும். அதனால் பூச்சியைத் தேடுவதை விட அதன் எச்சத்தைத் தேடுவது சுலபம். நெருக்கமான பல் உள்ள சீப்பை நாயின் வாலடியில் தோலோடு ஒட்டி இழுங்கள். மிளகுத்தூள் போலக் கறுப்பாக ஏதாவது வந்தால் அதை ஈரமான வெள்ளைப் பஞ்சில் தட்டிவிட்டுக் கொஞ்சம் பொறுத்திருங்கள். மண்ணாக இருந்தால் அப்படியே கிடக்கும். தெள்ளின் எச்சமாக இருந்தால் சுற்றிலும் செம்பழுப்பாகக் கசியும், ஏனென்றால் அது செரித்தும் செரிக்காமலும் வெளியேறிய ரத்தம். "என் நாய்க்குத் தெள்ளே கிடையாது" என்று சாதிப்பவர்கள்கூட அந்தப் பஞ்சைப் பார்த்ததும் அமைதியாகிவிடுவார்கள்.

பூனை விஷயத்தில் இன்னும் கவனம் வேண்டும். அது நாள் முழுக்க நக்கிக்கொண்டே இருப்பதால் தெள்ளை விழுங்கிவிடும், நம் கண்ணில் ஒன்றுகூடப் படாது. முடி கொட்டுவதும் முதுகில் பொடிப்பொடியாகச் சிரங்கு தட்டுவதும்தான் தெரியும். விழுங்கிய தெள்ளோடு நாடாப்புழுவும் உள்ளே போய்விடுகிறது. மலவாயைச் சுற்றி அரிசி மணி போல ஒட்டியிருப்பவை அந்தப் புழுவின் துண்டுகள். அவற்றைப் பார்த்துப் புழு மருந்து வாங்க வருபவர்களிடம் நான் முதலில் கேட்பதே தெள்ளைப் பற்றித்தான். தெள்ளை விட்டுவைத்துப் புழுவுக்கு மட்டும் மருந்து கொடுத்தால், அடுத்த தெள்ளை விழுங்கியதும் புழு திரும்பவும் வந்துவிடும்.

சரி, மருந்து போட்டும் ஏன் போகவில்லை? நாயின் மேல் நாம் பார்ப்பவை வளர்ந்த தெள்ளுகள். ஒரு வீட்டில் உள்ள மொத்தத் தெள்ளுக் கூட்டத்தில் அவை ஏறத்தாழ 5 சதவீதம்தான். மீதி எல்லாம் முட்டையாக, புழுவாக, கூட்டுப்புழுவாகத் தரையிலும் விரிப்பிலும் சோபா இடுக்கிலும் இருக்கின்றன. பெண் தெள்ளு ரத்தம் குடித்த ஓரிரு நாளில் முட்டையிடத் தொடங்கும், ஒரு நாளைக்கு 40, 50 வரைகூட இடும். முட்டை வழவழப்பானது, முடியில் ஒட்டாது. நாய் எங்கே படுக்கிறதோ, எங்கே உடம்பை உதறுகிறதோ அங்கெல்லாம் உதிரும். பொரிந்த புழு வெளிச்சத்துக்கு அஞ்சி விரிப்பின் அடிக்குள் போய்விடும். அதற்குச் சாப்பாடு, பஞ்சில் பார்த்தோமே, அதே காய்ந்த ரத்த எச்சம்தான். வெதுவெதுப்பும் ஈரப்பதமும் இருந்தால் இந்தச் சுற்று சில வாரங்களில் முடிந்துவிடும். காற்று நன்றாக உலர்ந்திருந்தால் முட்டையும் புழுவும் பிழைப்பது கடினம்.

பெரிய தொல்லை கூட்டுப்புழுதான். அதன் கூடு பிசுபிசுப்பானது. தூசியைப் பூசிக்கொண்டு விரிப்பின் நாரோடு நாராக ஒட்டிக்கொள்ளும், பூச்சி மருந்து அதற்குள் சரியாக இறங்காது. உள்ளே வளர்ந்து முடித்த தெள்ளு, சூடோ அதிர்வோ தெரியும்வரை மாதக்கணக்கில்கூட வெளியே வராமல் காத்திருக்கும். ஊருக்குப் போய்விட்டுத் திரும்பி வீட்டுக்குள் காலை வைத்ததும் கணுக்காலில் சுளீர் சுளீரென்று கடி விழுவது இதனால்தான். நாயே இல்லாத வீட்டுக்குக் குடிபோனவர்களும் இதே கதையைச் சொல்வார்கள்.

ஆகவே ஒரு தடவை மருந்து போட்டுவிட்டு நிம்மதியாக இருக்க முடியாது. வீட்டில் எத்தனை நாய், பூனை இருந்தாலும் எல்லாவற்றுக்கும் ஒரே சமயத்தில் மருந்து தொடங்க வேண்டும். சொறிகிற ஒன்றுக்கு மட்டும் போடுவது பணத்துக்குத்தான் நஷ்டம். இடைவெளி விடாமல் குறைந்தது மூன்று மாதமாவது தொடருங்கள். அதற்குள் கூட்டிலிருந்து புதிதாக வரும் தெள்ளுகளும் மருந்துள்ள உடம்பில் ஏறி மடியும். பிடரியில் விடும் சொட்டு மருந்தும் உண்டு, மாத்திரையும் உண்டு. எது என்பதை வயது, எடை, ஏற்கெனவே வலிப்பு உண்டா என்பதையெல்லாம் பார்த்து மருத்துவர் முடிவு செய்யட்டும்.

ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்கிறேன். நாய்க்கான மருந்தைப் பூனைக்குப் போடாதீர்கள், "கொஞ்சமாகத்தானே" என்றுகூட வேண்டாம். நாய்களுக்கான சில சொட்டு மருந்துகளில் பெர்மெத்ரின் என்ற பூச்சிக்கொல்லி இருக்கும். நாய் தாங்கும், பூனை தாங்காது. உடம்பு நடுங்கி, வலிப்பு வந்து, உயிரே போகலாம். நாய்க்குப் போட்டிருந்தாலும் அது காயும்வரை பூனையைப் பக்கத்தில் படுக்க விடாதீர்கள்.

வீட்டு வைத்தியங்களில் பூண்டு கொடுப்பதுதான் எனக்குப் பயம். தெள்ளு போகாது, நாய்க்கும் பூனைக்கும் ரத்தச் சிவப்பணுக்கள் சிதையும். டீ ட்ரீ எண்ணெயும் விஷம்தான். நம் காதுக்குக் கேட்காத ஒலியால் தெள்ளை விரட்டும் என்று விற்கப்படும் அல்ட்ராசோனிக் கழுத்துப்பட்டை ஆபத்தில்லாதது, பயனும் இல்லாதது. குளிப்பாட்டினால் அப்போது மேலே இருப்பவை போகும், நாளைக்கு ஏறுபவை ஏறும். சொட்டு மருந்துக்கு முன்னும் பின்னும் இரண்டு நாள் குளிப்பாட்டாமல் இருப்பது நல்லது. இரவில் விளக்கடியில் சோப்புத் தண்ணீர்த் தட்டு வைத்தால் சில தெள்ளுகள் விழும். கூட்டம் குறைகிறதா என்று பார்க்க அது போதும், ஒழிக்கப் போதாது.

வாக்குவம் கிளீனர் இருந்தால் மருந்தோடு சேர்த்து அதையும் நம்பலாம். முட்டையை உறிஞ்சும், அதோடு அதன் அதிர்வில் கூட்டுக்குள் தூங்குபவை விழித்து வெளியே வரும். சோபா மெத்தைக்கு அடியில், கட்டிலுக்குக் கீழே, நாய் படுக்கும் மூலையில் ஓட்டுங்கள். சேர்ந்த குப்பையை உடனே கட்டி வெளியே போடுங்கள். நாயின் படுக்கை விரிப்பை வாரம் ஒரு முறை 60 டிகிரி வெந்நீரில் துவைக்க வேண்டும். தொடங்கிய முதல் சில வாரங்களில் தெள்ளு கூடிவிட்டது போலத் தோன்றும். கூடு உடைந்து வருபவை அவை, அதனால் மருந்தைப் பாதியில் மாற்றாதீர்கள்.

நாய் வாலடியைக் கடித்துக் கடித்துப் புண்ணாக்கினால் அது தெள்ளின் எச்சில் ஒத்துக்கொள்ளாத ஒவ்வாமையாக இருக்கலாம். சில கடிகளே அதற்குப் போதும், தனி சிகிச்சை தேவைப்படும். குட்டிகளிடம்தான் அவசரம். உதட்டைத் தூக்கி ஈறைப் பாருங்கள். இளஞ்சிவப்பாக இல்லாமல் வெளுத்திருந்தால், குட்டி சோர்ந்தும் கிடந்தால், தெள்ளு குடித்ததிலேயே ரத்தம் குறைந்திருக்கக்கூடும். நாளைக்குப் பார்க்கலாம் என்று வைக்காமல் அன்றே தூக்கிக்கொண்டு வாருங்கள்.