பிரதிநிதித்துவம் வேறு, சித்திரிப்பு வேறு

"ஊடகங்கள் பழங்குடிகளைப் பிரதிநிதித்துவப்படுத்தும் விதம்." இப்படி ஒரு வரியை மொழிபெயர்ப்புக் கட்டுரைகளில் இந்த மாதம் மட்டும் மூன்று தடவை படித்துவிட்டேன். பழங்குடிகள் தங்கள் சார்பில் பேசச் சொல்லி ஊடகங்களை அனுப்பி வைத்தது போல அல்லவா பொருள் வருகிறது? கட்டுரை சொல்ல வந்தது, ஊடகங்கள் அவர்களை எப்படிக் காட்டுகின்றன என்பதைத்தான்.

பிரதிநிதி வடசொல். 'பிரதி' என்றால் பதில், 'நிதி' இங்கே வைப்பது. வேள்வியில் விதித்த பொருள் கிடைக்காதபோது அதற்குப் பதிலாக வைக்கும் பொருளுக்கும் இதே பெயர்தான். இந்தச் சொல்லால் மொழிபெயர்க்கப்படும் ஆங்கிலத்தின் ரெப்ரசென்டேஷன் லத்தீனிலிருந்து வந்தது; கண்முன் கொண்டுவருவது என்பது வேர்ப்பொருள். அதனால் மன்றத்தில் ஒருவருக்காக நிற்பதும், எழுத்திலோ படத்திலோ ஒருவரைக் காட்டுவதும் அங்கே ஒரே சொல்லில் அடங்கிவிடுகின்றன. பிரதிநிதித்துவத்துக்கு அந்த இரண்டாவது பொருள் கிடையாது.

ஜெர்மனில் இரண்டுக்கும் தனித்தனிச் சொற்கள். சார்பாக நிற்பது 'ஃபெர்ட்ரேட்டன்', காட்டுவது 'டார்ஸ்டெல்லன்'. பிரெஞ்சுச் சிறு விவசாயிகளால் தங்களைத் தாங்களே பிரதிநிதித்துவப்படுத்திக்கொள்ள முடியாது என்று மார்க்ஸ் 1852-இல் எழுதியபோது பயன்படுத்தியது முதல் சொல்லை. இலக்கியக் கோட்பாட்டாளர் காயத்ரி ஸ்பிவாக் 1988-இல் வெளிவந்த கட்டுரையில் இந்த வேறுபாட்டைத்தான் பிடித்துக்கொண்டார்: இரண்டையும் குழப்பினால், ஒரு கூட்டத்தைப் பற்றி எழுதுகிறவர் அந்தக் கூட்டத்துக்காகவே பேசுகிறவர் ஆகிவிடுகிறார். ஆங்கிலத்தில் ஒரே சொல் இருப்பதால் அவர் ஜெர்மனுக்குப் போக வேண்டியிருந்தது. நம்மிடம் பிரதிநிதித்துவம், சித்திரிப்பு என்று இரண்டும் தனித்தனியாக இருக்க, மொழிபெயர்ப்பாளர்கள் ஒன்றாக்கிவிடுகிறார்கள். எனக்குக் கோபம் வருவது இதனால்தான்.

ஐரோப்பாவில் பரவலாக வாழும் ரோமா மக்களின் முதல் உலக மாநாடு 1971-இல் லண்டன் அருகே கூடியது. பல நாடுகளிலிருந்து வந்து அமர்ந்தவர்கள் பிரதிநிதிகள், அது பிரதிநிதித்துவம். அவர்கள் வேண்டாம் என்று தள்ளிய 'ஜிப்சி', எகிப்திலிருந்து வந்தவர்கள் என்ற தவறான எண்ணத்தில் பிறர் இட்ட பெயர், அது சித்திரிப்பு. அவர்கள் ஏற்ற நீலமும் பச்சையுமான கொடி, நடுவே சிவப்புச் சக்கரம், தங்களைத் தாங்களே காட்டிக்கொண்ட விதம். இதில் எல்லாவற்றுக்கும் பிரதிநிதித்துவம் என்று போட்டால் என்ன நடந்தது என்றே புரியாது.

காட்டுவதைச் சிலர் 'உருவகப்படுத்துதல்' என்கிறார்கள். உருவகம் ஓர் அணி. முகத்தாமரை என்பது உருவகம். அது இங்கே ஒட்டாது.

சரி, எதை எழுதலாம்? சார்பாக நிற்பதற்குப் பிரதிநிதித்துவம் நிலைத்துவிட்டது, இருக்கட்டும். தனித்தமிழ் வேண்டுபவர்களுக்குப் பேராளர், சார்பாளர் இருக்கின்றன. மற்றதற்குச் சித்திரிப்பு. அதுவும் வடமொழி வேர்தான், ஆனால் எல்லோருக்கும் புரிகிறது. வினையாக வரும் இடத்தில் 'காட்டு' போதும். அதைவிடத் தெளிவான தமிழ் எனக்குத் தெரியவில்லை.

இதைவிட மோசமான இடம் ஒன்று உண்டு: "தங்களைத் தாங்களே பிரதிநிதித்துவப்படுத்தும் உரிமை." அவர்கள் கேட்பது சட்டமன்றத்தில் இடமா, தங்கள் கதையைத் தாங்களே படமெடுக்கும் வாய்ப்பா? நேற்றுப் படித்த கட்டுரையில் இதைத் தெரிந்துகொள்ள நான் ஆங்கில மூலத்தைத் தேடிப் போக வேண்டியிருந்தது. அங்கே பேச்சு முழுக்க சினிமாவைப் பற்றி.