ரெட்ரோ: பழையதா, பழம்பாணியா?

ரெட்ரோ என்னும் சொல் இன்று தமிழில் பழைய பாடல், பழைய உடை, பழைய சுவரொட்டி என எதன் முன்னும் ஒட்டிக்கொண்டு வருகிறது. அப்படி வழங்கும்போது அதன் பொருளில் பாதி உதிர்ந்துவிடுகிறது. 1967இல் பதிவான ஒரு சோல் பாடல் (சோல் என்பது கறுப்பின அமெரிக்கர்களிடையே பிறந்த இசைவகை) ரெட்ரோ அன்று; அது பழைய பாடல், அவ்வளவே. ஒரு காலத்தின் முறையை அறிந்தே கைக்கொண்டு பின்னாளில் புதிதாக ஆக்கப்படுவதுதான் ரெட்ரோ.

லத்தீனில் இச்சொல்லுக்குப் 'பின்னோக்கி' என்று பொருள். கோள்களின் வக்கிர கதியைக் குறிக்கும் 'ரெட்ரோகிரேடு' இதன் வழிவந்ததே. அதைச் சுருக்கி, முந்தைய தலைமுறையின் உடையையும் அலங்காரத்தையும் விரும்பித் தேடிய 1970களின் போக்குக்குப் பெயராக்கியவர்கள் பிரெஞ்சுக்காரர்கள். ஆங்கிலம் இப்பொருளை அவர்களிடமிருந்து அதே பத்தாண்டில் எடுத்துக்கொண்டது.

இசையில் இதற்குத் தெளிவான சான்று, அமெரிக்கப் பாடகி ஷரோன் ஜோன்ஸும் டாப்-கிங்ஸ் குழுவும் 2007இல் வெளியிட்ட 'ஹண்ட்ரட் டேஸ், ஹண்ட்ரட் நைட்ஸ்' என்னும் சோல் இசைத்தொகுப்பு; சோலிலிருந்து கிளைத்த, தாளம் மேலோங்கிய ஃபங்க் இசையும் அதில் உண்டு. நியூயார்க் நகரின் புரூக்ளினில், ஒரு வீட்டையே ஒலிப்பதிவுக் கூடமாக்கியிருந்த டாப்டோன் நிறுவனத்தின் வெளியீடு அது. கணினியில் எத்தனை தடங்களை (தனித்தனியே பதிவாகும் ஒலிகளை) வேண்டுமானாலும் அடுக்கலாம் என்றிருந்த காலத்தில் அவர்கள் எட்டுத் தடக் காந்த நாடாவையே நம்பினார்கள். தடங்கள் குறைவாக இருந்தால் எந்தக் கருவியை எதனுடன் சேர்ப்பது என்பதைப் பதிவின்போதே முடிவு செய்தாக வேண்டும். வாசிப்பவர்கள் ஒரே அறையில் கூடி வாசிக்கும்போது டிரம்ஸின் ஓசை பக்கத்து மைக்கிலும் கசியும். ஒலி உரக்க ஏறும் இடங்களில் நாடா அதன் கூர்மையைச் சற்று மழுக்கிவிடும். பழைய தட்டுகளில் நாம் கேட்டுப் பழகிய அந்தச் சூடு இவற்றால் விளைவது; பதிவு முடிந்தபின் மேலே பூசிய சாயம் அன்று.

ஆனால் ரெட்ரோ என்ற அடையை ஷரோன் ஜோன்ஸ் ஏற்கவில்லை, அதில் நியாயமும் உண்டு. 1956இல் ஜார்ஜியா மாநிலத்தின் அகஸ்டாவில், புகழ்பெற்ற சோல் பாடகர் ஜேம்ஸ் பிரவுன் வளர்ந்த அதே ஊரில் பிறந்த அவருக்கு சோல் என்பது கூடவே வளர்ந்த இசை. ஆகவே இச்சொல் பதிவு முறைக்கும் இசைக்கோப்புக்கும் பொருந்துமே தவிர, பாடியவருக்குப் பொருந்தாது என்பதே என் கருத்து.

இனித் தமிழ்ச் சொல். 'பழைய' என்றால் காலம் மட்டுமே தெரியும். 'தொன்மை' ஐம்பது ஆண்டுப் பழமைக்கு மிகப் பெரிய சொல். 'மீள்பாணி' நெருங்கி வருகிறது; ஆயினும் மீள்பதிப்பு, மீள்பிரசுரம் ஆகியவற்றின் பழக்கத்தால் முன்பிருந்ததே மறுபடி வெளியாவதாக எண்ணத் தூண்டும். 'பழம்பாணி' என்பதே பொருத்தம்: பழமை பாணியைத்தான் சாரும், ஆக்கம் புதிதாக இருக்கத் தடையில்லை. பாணி என்பதற்கு இசை, தாளம் என்னும் பொருள்களும் தமிழில் முன்பே உண்டு என்பதால் இசையைப் பற்றிப் பேசுகையில் அது இன்னும் இயல்பாக அமைகிறது. எனவே 1967இன் பதிவைப் பழைய சோல் என்றும், 2007இன் இத்தொகுப்பைப் பழம்பாணி சோல் என்றும் வேறுபடுத்தி எழுதலாம்.