சர்வீஸ் பீனில் பயனர் தகவலை வைக்காதீர்கள்

திருப்பூர் பனியன் கம்பெனிகள் ஓட்டும் ஜாவா மென்பொருள்களைச் சரிபார்த்துக் கொடுப்பது என் வேலை. பெரும்பாலும் ஸ்பிரிங் என்ற ஜாவா ஃப்ரேம்வொர்க்கில் எழுதியவை. கோடைத் திறந்ததும் நான் முதலில் தேடுவது, கணக்கு வேலையைச் செய்யும் சர்வீஸ் கிளாஸுக்குள் பயனருடைய தகவலை வைத்திருக்கும் ஃபீல்டை, அதாவது மாறியைத்தான்.

ஓர் ஏற்றுமதி நிறுவனத்தில் காஸ்டிங் ஷீட் (விலைக் கணக்குத் தாள்) போடும் சர்வீஸில் 'கரன்ட் பையர்' என்று ஒரு ஃபீல்டு இருந்தது. ஆர்டரைக் கவனிக்கும் மெர்ச்சண்டைசர் பையரைத் தேர்ந்தெடுத்ததும் ஒரு மெத்தட் அதில் எழுதிவைக்கும். நூல் விலை, நிட்டிங், சாயக் கூலி எல்லாம் கூட்டி முடித்த பிறகு இன்னொரு மெத்தட் அதைப் படித்து அந்தப் பையருக்கான மார்ஜினைச் சேர்க்கும். ஒருவர் மட்டும் சோதித்தவரை கணக்குச் சரியாகவே வந்தது. சீசனில் பல பேர் ஒரே நேரத்தில் ஷீட் போட்டபோது ஒரு பையரின் மார்ஜின் இன்னொருவர் ஷீட்டில் ஏறிவிட்டது. எரர் வரவில்லை, லாகிலும் ஒன்றுமில்லை. தப்பான விலை பையர் கைக்குப் போன பிறகுதான் தெரியவரும் என்பதால் இந்த வகைப் பிழையைக் கண்டாலே எனக்குப் பயம்.

ஸ்பிரிங் தானே உருவாக்கி வைத்துக்கொள்ளும் ஆப்ஜெக்டைத்தான் பீன் என்கிறோம்; சர்வீஸும் ஒரு பீன்தான். எப்போது புதிது உருவாக்குவது என்று சொல்லும் ஸ்கோப்பைத் தனியாகச் சொல்லாவிட்டால் ஸ்பிரிங் பீன் சிங்கிள்டன்தான். அதாவது, பீன்களை வைத்திருக்கும் கண்டெய்னருக்கு ஒரே ஆப்ஜெக்ட். ஸ்பிரிங் பூட்டோடு வரும் டாம்கேட் வெப் சர்வர், நாம் மாற்றாதவரை, பயனர்களின் கோரிக்கைகளை ஒரே நேரத்தில் கவனிக்க 200 திரெட் வரை ஓட்டும். அத்தனையும் அந்த ஒரே ஃபீல்டில்தான் கை வைக்கும்.

பையரை மெத்தடுக்குப் பாராமீட்டராக அனுப்பினால் போதும். பீனுக்குத் தேவையான மற்ற பீன்களைக் கன்ஸ்ட்ரக்டர் வழியாக வாங்கி, அந்த ஃபீல்டில் பிறகு வேறொன்றை வைக்க முடியாதபடி ஃபைனல் ஆக்கிவிடுங்கள். ஸ்பிரிங் 4.3 முதல், ஒரே கன்ஸ்ட்ரக்டர் இருந்தால் ஆட்டோவயர்டு என்ற குறிப்பைக் கூடப் போட வேண்டியதில்லை. ஆனால் ஃபைனல் போட்ட ஹாஷ்மேப்பின் உள்ளே இருப்பது மாறத்தான் செய்யும், அதையும் பாருங்கள்.

கோவையில் ஐடி கம்பெனிகள் இருக்கும் சரவணம்பட்டிப் பக்கம் புதிதாக வேலைக்கு வரும் பிள்ளைகள் பலர், "புரோட்டோடைப் ஸ்கோப் போட்டால் சரியாகிவிடுமே" என்கிறார்கள். கேட்கும்போதெல்லாம் புது ஆப்ஜெக்ட் தருவது அந்த ஸ்கோப். ஆனாலும் ஆகாது. சிங்கிள்டனுக்குள் நேரடியாக இன்ஜெக்ட் செய்த புரோட்டோடைப் பீன், அந்தச் சிங்கிள்டன் உருவாகும்போது ஒரே ஒரு முறைதான் உருவாகும். ஒவ்வொரு முறையும் புதிது வேண்டுமானால் ஆப்ஜெக்ட்புரொவைடர் என்ற ஸ்பிரிங் வசதி வழியாகக் கேட்டு வாங்க வேண்டும்.

சோதிக்கும்போது இரண்டு பிரவுசரில் இரண்டு பயனராக உள்ளே போங்கள். ஃபீல்டில் எழுதும் வரிக்கு அடுத்து, டீபக்கரில் அந்தத் திரெட்டை மட்டும் நிறுத்தும் பிரேக்பாயின்ட் வையுங்கள். முதல் ஆளை அங்கே நிறுத்திவிட்டு, இரண்டாவது ஆளை வேறு பையரோடு அந்த வரியைத் தாண்ட விடுங்கள். அப்புறம் முதல் ஆளை ஓட விட்டு, அவர் ஷீட்டில் யாருடைய மார்ஜின் வருகிறது என்று பாருங்கள்.