வேல்ஸ் கடற்கரையில் இரண்டாவது வீடு: எவ்வளவு வரி, என்னென்ன விதி?

வடமேற்கு வேல்ஸின் லீன் தீபகற்பத்தில் இருக்கும் அபர்சோக், படகுக்கும் மணற்கடற்கரைக்கும் பெயர்போன சின்னக் கிராமம். ஆகஸ்டில் காரை நிறுத்தக்கூட இடம் கிடைக்காது. ஜனவரியில் அதே தெருவில் நடந்தால், வீட்டுக்கு வீடு வாசல் சுவரில் எண் பூட்டுப் போட்ட சாவிப்பெட்டி தொங்கும். உள்ளே விளக்கு எரியாது. படிக்கப் போதிய பிள்ளைகள் இல்லாமல் ஊர்ப் பள்ளி 2021 டிசம்பரில் மூடப்பட்டது. பெருநகரப் பணத்தோடு போட்டி போட்டு வீடு வாங்க உள்ளூர்ச் சம்பளத்தால் முடிவதில்லை. வேல்ஸ் அரசின் இரண்டாவது வீட்டு விதிகள் இந்த நிலைமையிலிருந்துதான் பிறந்தன.

முதலில் கவுன்சில் வரி, அதாவது வீட்டுக்கு உள்ளாட்சி மன்றம் ஆண்டுதோறும் வாங்கும் வரி. தட்டுமுட்டுச் சாமான்களோடு இருக்கும், ஆனால் யாருக்கும் நிரந்தர வசிப்பிடமாக இல்லாத வீடுதான் இரண்டாவது வீடு. 2017 முதல் இதற்கு 100% வரை கூடுதல் வரி போட உள்ளாட்சி மன்றங்களுக்கு அதிகாரம் உண்டு. 2023 ஏப்ரலில் அந்த உச்சவரம்பு 300% ஆனது. எவ்வளவு என்பதை அந்தந்த மன்றமே முடிவு செய்யும். அபர்சோக் அடங்கிய குவினெத் மன்றம், 2023-இல் 150% என வைத்தது. சாதாரண வரி 2,000 பவுண்டு என்றால், இரண்டாவது வீட்டுக்காரர் கட்டுவது 5,000 பவுண்டு. விற்பனைக்கு விட்ட வீட்டுக்கு ஓராண்டு வரை விலக்கு உண்டு. வேலை நிமித்தம் வேறிடத்தில் தங்க வேண்டியவர்களுக்கும் சில விலக்குகள் இருக்கின்றன.

இதில் நெடுநாளாக ஒரு ஓட்டை இருந்தது. ஆண்டுக்கு 140 நாள் விருந்தினருக்குக் குறுகியகால வாடகைக்குக் கிடைக்கும்படி வைத்து, 70 நாள் உண்மையிலேயே வாடகைக்கு விட்டால் போதும். வீடு கவுன்சில் வரியிலிருந்து விலகித் தொழில் வரிப் பட்டியலுக்குப் போய்விடும். அங்கே சிறுதொழில் சலுகையால் பல வீடுகளுக்கு ஒரு பைசா வரியும் விழாது. சொந்த உல்லாசத்துக்கு வைத்திருந்த வீடுகளும் இப்படித் தப்பின. 2023 ஏப்ரல் முதல் இந்த அளவு 252, 182 என உயர்ந்துவிட்டது. எல்லா விதிகளிலும் இதுவே மிக முக்கியமானது என்பது என் கருத்து. ஆனால் பண்ணையோரத்துப் பழைய கொட்டகையைச் செப்பனிட்டு விருந்தினருக்கு விடும் உள்ளூர் விவசாயிக்கு, மழையும் காற்றுமான குளிர்காலத்தையும் சேர்த்து 182 நாள் ஆள் பிடிப்பது பெரும்பாடு. அவரையும் லண்டன் முதலீட்டாளரையும் ஒரே தராசில் வைப்பது நியாயமாகப் படவில்லை. குறுகியகால வாடகைக்கு மட்டுமே விடலாம் எனத் திட்ட அனுமதியில் (கட்டடத்தை எதற்குப் பயன்படுத்தலாம் என்று தரும் அனுமதி) நிபந்தனை உள்ள வீட்டுக்குக் கூடுதல் வரி கிடையாது என்பது சிறு ஆறுதல்.

வாங்கும்போதே இன்னொரு வரி காத்திருக்கிறது. 3,00,000 பவுண்டு வீட்டை, அது ஒன்றே சொந்த வீடாக வாங்குபவருக்கு, 2,25,000 வரை வரியில்லை. மிச்சத்துக்கு 6% வீதம் 4,500 பவுண்டு. ஏற்கெனவே வீடு வைத்திருப்பவருக்கு, 2024 டிசம்பர் 11 முதல் உள்ள வீதப்படி 19,950 பவுண்டு.

திட்ட அனுமதியிலும் மாற்றம் வந்தது. 2022 அக்டோபர் முதல் நிரந்தர வீடு, இரண்டாவது வீடு, குறுகியகால வாடகை வீடு என மூன்று தனி வகைகள். ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு மாற்ற அனுமதி வாங்க வேண்டும் என்று மன்றம் தன் பகுதிக்கு உத்தரவிடலாம். வேல்ஸிலேயே முதலில் அப்படிச் செய்தது குவினெத், 2024 செப்டம்பர் 1 முதல். இதை எதிர்த்து வழக்கும் நடந்தது. எனவே அங்கே வீடு பார்ப்பவர்கள் முன்பணம் கொடுக்கும் முன்பே வழக்கறிஞரிடம் இன்றைய நிலையைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

இத்தனைக்கும், வரி போட்டதும் உள்ளூர்ப் பெண்ணுக்கோ பையனுக்கோ வீடு கிடைத்துவிடாது. வசூலான பணம் வீடாக மாற வேண்டும். அதை வீட்டு வசதிக்கே செலவிட வேண்டும் என்று சட்டம் கட்டாயப்படுத்தவில்லை. அரசு ஊக்குவிக்கிறது, அவ்வளவுதான். இதைக் கட்டாயமாக்க வேண்டும். குவினெத் தானாகவே இந்தப் பணத்தின் ஒரு பகுதியை உள்ளூர்க்காரர்களுக்கான வீட்டுத் திட்டங்களில் போடுகிறது.

வாங்க வழியில்லாத உள்ளூர்க்காரருக்கு 'ஹோம்பை வேல்ஸ்' என்ற உதவித் திட்டம் உண்டு. விலையில் பொதுவாக 30%, சில இடங்களில் 50% வரை, பங்குக் கடனாகக் கிடைக்கும். மாதத் தவணை கிடையாது; வீட்டை விற்கும்போது அன்றைய மதிப்பில் அதே பங்கைத் திருப்பித் தர வேண்டும். வடக்கு வேல்ஸில் இருப்பவர்கள் 'தாய் தேக்' என்ற மலிவு வீட்டுப் பதிவேட்டில் பெயர் பதிய வேண்டும். வருமானத்தையும் ஊரோடு உள்ள தொடர்பையும் காட்டும் ஆவணங்களை முன்கூட்டியே எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.